பொட்டு வைத்த கப்பல் எது?

போன வாரம் என் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். வரிசைப்படி பார்த்தால் இந்த வாரம் என் மகள் தீபா பிறந்த கதை வர வேண்டும். அது கொஞ்சம் பொறுக்கட்டும். இன்னொன்று தொண்டையில் நிற்கிறது. அதை எழுதிவிட்டுத்தான் மற்றது.

ஒரு கப்பலின் என்ஜின் அறைக் கதவுக்கு முன்னால் குனிந்து நின்று, கதவு நிலையை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பெயிண்ட், புதுசாக அடித்தது. வெயிலில் சூடாக இருந்தது. டீசல் வாடை மூக்கில் ஏறியது.

நான் தேடியது ஒரு கறுப்புப் பொட்டு. தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் கீழே, என் மோதிர விரலால் நானே வைத்தது. அண்ணாமலையார் தீபக் கொப்பரையில் எடுத்த மை. அதன்மேல் பெயிண்ட் அடிக்க விடமாட்டேன் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

பொட்டு இல்லை. இடது பக்கம் பார்த்தேன், வலது பக்கம் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நகத்தால் சுரண்டிக்கூடப் பார்த்தேன்.

கப்பலில் நாள் பார்த்துப் புடவை கட்டிக்கொண்டு வந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அத்தனை பேருக்கு நடுவில் கதவைச் சுரண்டிக்கொண்டு நின்றேன். கரையைத் திரும்பிப் பார்த்தால், எங்கள் வீட்டுக்காரர் ஏழுமலை கப்பலில் ஏறாமலே கீழே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ராணி

கடலோரக் காவல் படையில் அவர் என்ஜின் ஆள். சண்டைக் கப்பல் இல்லை, பெரிய கப்பலும் இல்லை. கரையை ஒட்டி ரோந்து சுற்றும் சின்னக் கப்பல். வெள்ளை உடம்பு, முன்பக்கம் சாய்வாக ஆரஞ்சும் நீலமுமாகப் பட்டை, மூக்கில் ஒரு துப்பாக்கி. மீன் பிடிக்கப் போனவர்கள் கரை திரும்பவில்லை என்றால் தேடிப் போவதும் அதுதான், திருட்டுச் சரக்கு வந்தால் மடக்குவதும் அதுதான்.

ஒரே அச்சில் வார்த்த மாதிரி அந்த ரகத்தில் பல கப்பல்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் அந்தக் காலத்து ராணிகளின் பெயர். இவர் போய்ச் சேர்ந்த கப்பலின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். நான் அவளை ராணி என்றே எழுதுகிறேன். பேசும்போதும் எனக்கு அவள் அவள்தான், அது இல்லை.

எனக்குக் கடல் தெரியாது. பிறந்தது கீழ்பென்னாத்தூர், வாழ வந்தது அடி அண்ணாமலை. எங்கே திரும்பினாலும் மலைதான். என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளை கடலில் வேலை என்றதும் எங்கள் அத்தை ஒருத்தி, கிணற்றில் இறங்கவே பயப்படுகிற குடும்பத்தில் இப்படி ஒரு சம்பந்தமா என்றாள்.

ஆனால் எங்கள் அப்பாவுக்கு வேறு வழி இல்லை. என் நட்சத்திரம் கேட்டை. மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்று வந்தவர்கள் எல்லோரும் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இவர் வீட்டுக்கு மூத்தவர். அண்ணனே இல்லை. அப்படித்தான் முடிந்தது.

கல்யாணம் ஆன புதிதில், கப்பல் வேலைக்கு வந்த தேதியை அவரிடம் கேட்டு வாங்கினேன். கப்பலில் பித்தளைப் பலகையில் பொறித்திருக்கும் என்றார். அந்தத் தேதியை எங்கள் ஊர் ஜோசியரிடம் கொடுத்துப் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டச் சொன்னேன். உத்திரட்டாதி நட்சத்திரம், மீன ராசி என்றார். கப்பலுக்கு வேறு என்ன ராசி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் இந்த மாதிரி விஷயங்களில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று அன்றைக்கு இருந்தேன்.

குருக்கள் கேட்ட கேள்வி

தீபா நடக்க ஆரம்பித்திருந்த சமயம் அந்தப் புயல் வந்தது. எங்கள் பக்கம் மழை மட்டும்தான். வேர்க்கடலை எல்லாம் செடியிலேயே முளைத்துவிட்டது. டீக்கடை ரேடியோவில் செய்தி வாசித்தார்கள். ரோந்துக் கப்பல் ஒன்று நடுக்கடலில் என்ஜின் நின்று தவிக்கிறது என்று சொல்லி, ராணியின் பெயரைச் சொன்னார்கள்.

அந்தப் பெயர் காதில் விழுந்ததும் எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. என்ஜின் நின்றது என்றால் அதற்குப் பக்கத்தில் நிற்பது யார்? எங்கள் வீட்டுக்காரர்தானே.

குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு அந்த மழையிலேயே மலை சுற்றக் கிளம்பினேன். பாதை முழுக்கத் தண்ணீர். மலை கண்ணுக்குத் தெரியவில்லை. மலை இருக்கிற பக்கமாகப் பார்த்து வாய்விட்டுச் சொன்னேன். ராணி கரை சேரட்டும், அவள் தண்ணீரில் மிதக்கிற வரைக்கும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி நான் சுற்றுகிறேன்.

சுற்றி முடித்து எங்கள் ஊர்க் கோவிலுக்குள் போனேன். அர்ச்சனைக்குத் தட்டை நீட்டினேன். அப்போது குருக்களுக்குச் சின்ன வயது. பெயர் கேட்டார். ராணியின் பெயரைச் சொன்னேன். உத்திரட்டாதி, மீன ராசி, சிவ கோத்திரம் என்றேன். குழந்தைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான், ராணி என் மூத்த மகள் ஆகிவிட்டாள்.

கப்பல் என்று சொல்லியிருக்கலாம். லாரிக்குச் செய்கிறார்கள், டிராக்டருக்குச் செய்கிறார்கள். ஆனால் அன்றைக்கு ஈரத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது சொல்லத் தோன்றவில்லை. அப்புறம் மாதாமாதம் போகும்போது, இத்தனை மாதம் கழித்துச் சொன்னால் என்ன நினைப்பாரோ என்று விட்டுவிட்டேன்.

வருஷம் போகப் போக அவரும் விசாரிப்பார்.

"பொண்ணுக்கு வரன் ஏதாவது அமைஞ்சுதாம்மா?"

"இல்ல சாமி. அவ வேலைக்குப் போறா."

"எங்கே?"

"மெட்ராஸ்ல. ஹார்பர் பக்கம்."

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஒருமுறை கப்பல் பழுது பார்க்கப் போயிருந்தது. அவள் ரிப்பேரில் இருக்கிறாள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஐயோ பாவம் என்று அவர் விபூதிப் பொட்டலம் ஒன்று தனியாகக் கொடுத்தனுப்பினார்.

அந்தப் புயல் அடங்கினதும், ராணி கரைக்கு வந்துகொண்டிருக்கிறாள் என்று ரேடியோவில் சொன்னார்கள். நான் பிரசாதத்தை எடுத்துக்கொண்டு மெட்ராஸுக்கு ஓடினேன். அவர் ராணியின் மேல்தட்டில் நின்று கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார். முகம் எல்லாம் உப்புப் பூத்திருந்தது. அத்தனை பேருக்கு முன்னால் அவர் நெற்றியில் விபூதி பூசி, உங்க கப்பலை நான்தான் இழுத்துக்கினு வந்தேன் என்று சொல்லி அழுதேன். பக்கத்தில் நின்ற தாமோதரன் சிரித்தான். அவன் இவருடைய தோழன், கடலூர்ப் பக்கத்து ஆள். அண்ணி என்றுதான் என்னைக் கூப்பிடுவான். அவன் ஏன் சிரித்தான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

குருக்கள் ஒருவரைத் தவிர ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். ஏழுமலை பொண்டாட்டி மலையைச் சுற்றிக் கப்பலை மீட்டாள் என்று சொல்லுவார்கள். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

கடலில் ஒரு சுற்று

அதற்கப்புறம் ஒரு வருஷம், குடும்பத்தாரை எல்லாம் கப்பலில் ஏற்றிக் கடலில் ஒரு சுற்றுக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் வழக்கம் அது. நான் பட்டுப் புடவை கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு போனேன்.

துறைமுகத்தைத் தாண்டினதும் கப்பல் ஆட ஆரம்பித்தது. அதிகாரிகள் வீட்டு அம்மாக்கள் எல்லாம் வாந்தி எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. ராணியின் மேல் நான் எதற்கு வாந்தி எடுக்கப் போகிறேன்? எனக்கு அவள் என்ன வேறு ஆளா?

அன்றைக்குத்தான் மையை எடுத்துப் போயிருந்தேன். கார்த்திகை தீபம் முடிந்து, ஆருத்ரா தரிசனத்துக்கு அப்புறம் கோவிலில் கொடுக்கிற மை. என்ஜின் அறைக் கதவைக் காட்டச் சொன்னேன். அவர் என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார். பொட்டு வைத்தேன். மூத்த அதிகாரி பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதும்மேல பெயிண்ட் அடிக்க வுடாதீங்க," என்றேன்.

"அடிக்க மாட்டேன்மே," என்றார்.

கப்பலின் பின்பக்கம் பெயர் எழுதியிருந்தது. இந்தியிலும் இங்கிலீஷிலும். அப்போது தமிழே எனக்குப் பெரிய எழுத்தாக இருந்தால்தான் உண்டு; இப்படி எழுதக் கற்றுக்கொண்டது பிற்பாடு தீபாவிடம்தான். பெயரைப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. தெரிந்தவள் வீட்டுக்குப் போகும்போது வாசலில் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டா போகிறோம்?

முட்டி

அவர் ஓய்வு பெற்று ஊருக்கு வந்து வெகு நாளாகிவிட்டது. வேர்க்கடலைக் காட்டைப் பார்த்துக்கொள்கிறார். நடக்கும்போது இன்னும் காலை அகட்டி அகட்டித்தான் வைப்பார். தரை ஆடாமல் இருப்பதை அவர் கால் நம்புவதில்லை.

நான் சுற்றுவதை நிறுத்தவில்லை. தீபாவுக்கு அடுத்த பிள்ளை பெற்ற மாதம், மாமியார் செத்த மாதம் தவிர. கடைசியில் முட்டி போய்விட்டது. திருவண்ணாமலை டவுனில் எலும்பு டாக்டர் படத்தைத் தூக்கிக் காட்டி, இனி மலை சுற்றினால் கக்கூஸுக்கும் ஆள் பிடித்துத்தான் போக வேண்டும் என்றார். தீபாவைத் தனியாகக் கூப்பிட்டும் சொல்லி அனுப்பினார்.

தீபா பள்ளிக்கூட டீச்சர். வீட்டிலும் டீச்சர்தான்.

"நிறுத்திடும்மா. சாமி ஒண்ணும் கோச்சுக்காது."

"சாமி கோச்சுக்காதுடி. நான் வாக்கு குடுத்திருக்கேன். ராணி மிதக்கிற வரைக்கும்னு."

"அது இரும்பும்மா. அது பாட்டுக்கு மிதக்கும்."

அந்தச் சமயத்தில் அந்த ரகக் கப்பல்களை ஒவ்வொன்றாக ஓய்வு கொடுத்து அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். முந்தின வருஷம் வேறொரு கப்பலுக்குப் பிரிவு உபசாரம், பழைய ஆட்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தாமோதரன் போன் செய்தான். இவருக்கு அன்றைக்கென்று வயிறு சரியில்லை. போகவில்லை. கடலைக் காட்டு வரப்பில் போய் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். நான் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் ராணியின் முறை வந்தது. நானும் வருவேன் என்றேன். அவர் வேண்டாம், படி ஏற வேண்டியிருக்கும், முட்டி தாங்காது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தனை வருஷம் அவளுக்காக நடந்தவள் நான். அவளிடம் சொல்லிக்கொண்டு, பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இன்றோடு என்னை விட்டுவிடு தாயே என்று கேட்டுவிட்டு வந்தால்தான் என் வாக்குத் தீரும். அப்புறம் முட்டிக்கு ஓய்வு. இதுதான் என் கணக்கு.

அந்தக் கணக்கோடுதான் அந்தக் கதவுக்கு முன்னால் குனிந்து நின்றேன்.

வேறொருத்தி

"இன்னா அண்ணி தேடுறீங்க?" என்று பின்னால் இருந்து தாமோதரன் கேட்டான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவன் மனைவி கலாவும் கூட வந்திருந்தாள்.

"பொட்டு வெச்சேன் இல்ல தாமு. காணோம். அடிச்சிட்டாங்க போல."

அவன் கதவைப் பார்த்தான். அப்புறம் கரையில் நின்ற எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தான்.

"அண்ணன் இன்னும் சொல்லவே இல்லியா?"

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். முட்டி வலித்ததா இல்லையா என்று நினைவு இல்லை. கப்பல் கயிறு கட்டுகிற இரும்புக் கட்டை ஒன்றின்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். நான் நின்றேன்.

"அது இதுல இல்லமே," என்றார்.

"அழிச்சிட்டாங்களா?"

"நீ வெச்சது வேற கப்பல்."

"நான் ஒரு கப்பல்லதான் ஏறினேன்."

"ஆமா. அது இது இல்ல."

அப்புறம் அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

புயலுக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால், தூத்துக்குடியில் இருந்த கப்பலுக்குத் தாமோதரனை மாற்றினார்கள். கலா அப்போது மாசமாக இருந்தாள், மெட்ராஸில் தனியாக இருந்தாள். எனக்குப் பதில் நீங்கள் போங்கள் அண்ணே என்று கேட்டிருக்கிறான். இவர் சரி என்று அதிகாரிகளிடம் பேசி மாறிக்கொண்டார். அதுவும் அதே ரகம், அதே வெள்ளை, அதே பட்டை, வேறொரு ராணியின் பெயர். நான் அவளை இளையவள் என்று எழுதிக்கொள்கிறேன். ஊருக்கு வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாராம். அதற்குள் புயல்.

புயலில் என்ஜின் நின்று தவித்தபோது ராணிக்குள் இருந்தது தாமோதரன். எங்கள் வீட்டுக்காரர் இல்லை.

"அப்போ நீங்க எங்கே இருந்தீங்க?"

"இதைக் கட்டி இழுத்துக்கினு வந்தேன்."

தூத்துக்குடியிலிருந்து வடக்கே ஏறி வந்த இளையவள்தான் அலைக்கு நடுவில் ராணிக்குக் கயிறு வீசிப் பிடித்து, கட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவளுடைய என்ஜினுக்குப் பக்கத்தில் இவர் நின்றிருக்கிறார். கரை வந்ததும் கயிற்றை அவிழ்க்க ராணியில் ஏறியவரைத்தான் நான் பார்த்தேன்.

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீ வந்து நெத்தியில பூசிட்டு அழுவுறே. நான்தான் இழுத்துக்கினு வந்தேன்றே. அத்தினி பேரு பாக்குறான். எப்படி சொல்றது?"

"அப்புறமா சொல்றது."

"அப்புறம் நீ மாசாமாசம் சுத்த ஆரமிச்சுட்டே. சுத்திட்டு வந்து கால் கழுவுறப்ப, அது என் கப்பல் இல்லமேன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

இளையவளை அப்புறம் மெட்ராஸுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஓய்வு பெறுகிற வரைக்கும் அவர் அவளோடுதான் இருந்திருக்கிறார். கடலில் ஒரு சுற்றுப் போனதும் அவள் மேல்தான். யோசித்துப் பார்த்தால், அவர் வாயால் ராணி என்று ஒருநாளும் சொன்னதில்லை. கப்பல், கப்பல் என்பார். ராணி என்றதெல்லாம் நான்.

"அவ இப்போ எங்கே?" என்றேன்.

"உடைக்கப் போயிட்டா. போன வருஷமே."

"பொட்டோடவா?"

"பொட்டோடதான். நான் வர்றப்ப அடுத்தவன்கிட்ட சொல்லிட்டு வந்தேன், அதுல கை வெக்காதேன்னு. கடைசி நாள்ல தாமு போயி பாத்தான். இருந்துச்சாம்."

கொடி இறங்கியது

பொழுது சாயும்போது எல்லோரும் வரிசையாக நின்றார்கள். ராணியின் மேலே அவள் நீளத்துக்கு ஒரு கொடி பறந்தது, ஓய்வு பெறும் நாளுக்கென்று கட்டுவதாம். குழல் ஊதினார்கள். தேசியக் கொடியை மெதுவாக இறக்கினார்கள். பெரிய பெரிய ஆம்பளைகள் மூக்கை உறிஞ்சினார்கள். தாமோதரன் அழுதான். அவனுக்கு அது அவன் கப்பல்.

நான் கொண்டுபோன தேங்காயும் கற்பூரமும் பையிலேயே இருந்தன. யாருக்கு ஏற்றுவது என்று எனக்குப் புரியவில்லை.

இதோ நிற்கிறாளே, இவளுக்காகத்தான் அத்தனை வருஷம் நடந்தேன். இவள் என் வீட்டுக்காரரைச் சுமக்கவில்லை. சுமந்தவளுக்கு நான் ஒரு அர்ச்சனை செய்ததில்லை, ஆனால் பொட்டு வைத்திருக்கிறேன். அதுவும் இவள் என்று நினைத்து. நான் வேண்டியது ராணி கரை சேர வேண்டும் என்று. சேர்ந்தாள். அப்படியானால் வாக்கு வாக்குதான். ஆனால் நான் நினைத்தது இவரை. இவர் அதில் இல்லை. அப்படியானால் வாக்கு இல்லையா? ராணிக்காக நான் கூப்பிட்டேன், அதற்கு இவரையே அனுப்பிவைத்தாரா அண்ணாமலையார்? அல்லது நான் கூப்பிடாமலே இவர் போயிருப்பாரா?

பக்கத்தில் நின்ற கலாவிடம், புயல் அன்றைக்கு நீ என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். அவளுக்கு அப்போது ஒரே மசக்கை, படுத்துத் தூங்கிவிட்டாளாம். காலையில் எழுந்துதான் புயல் என்றே தெரியுமாம். அவள் புருஷனும் வந்துவிட்டான். இதை எதில் சேர்ப்பது?

கொடி இறங்கியும் ராணி தண்ணீரில் மிதந்துகொண்டுதான் இருந்தாள். மிதக்கிற வரைக்கும் என்று வேறு சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் திண்டிவனம் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். கோபமா என்றால் கோபம்தான். ஊர் முழுக்க என்னை வைத்து ஒரு கதை ஓட, அதை வீட்டுக்குள் ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஆனால் கோபத்துக்கு நடுவில் வேறொன்று குறுக்கே வந்தது.

"போன வருஷம் வயித்து வலின்னு படுத்தீங்களே. அன்னைக்குத்தானா, அவளுக்கு?"

அவர் தலையை ஆட்டினார்.

போயிருந்தால் நானும் கூட வருகிறேன் என்பேன். தாமோதரன் ஏதாவது உளறுவான். அதனால் தன் கப்பலின் கொடி இறங்குவதைப் பார்க்கப் போகாமல் வரப்பில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"ரசம் வெச்சுக் குடுத்தேனே."

"நல்லா இருந்துச்சு," என்றார்.

உச்சிகாலத்துக்கு முன்

விஷயம் தெரிந்து தீபாவுக்கு ஒரே சந்தோஷம். அப்பா அந்தக் கப்பலிலேயே இல்லை, வேண்டுதல் செல்லாது, டாக்டர் சொன்னபடி கேள் என்றாள். டாக்டரிடமும் சொல்லிவிட்டாள். அவரும் செல்லாது என்றாராம். எலும்பு டாக்டருக்கு வேண்டுதலைப் பற்றி என்ன தெரியும்?

பௌர்ணமி வந்தது. நான் விடிவதற்குள் குளித்துவிட்டேன். போவதா வேண்டாமா என்று தெரியாமல் ஈரத் தலையோடு வாசலில் நின்றேன். பாதையில் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. உள்ளே இருந்து அவர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, நெற்றியில் விபூதி பூசியிருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"நீ உக்காரு. நான் சுத்திட்டு வர்றேன்."

இத்தனை வருஷத்தில் அவர் ஒருமுறைகூட மலை சுற்றியதில்லை. பாதை ஓரத்திலேயே குடியிருந்துகொண்டு.

"உங்களுக்கு இன்னா வேண்டுதல்?"

"வேண்டுதல்லாம் இல்ல. உன்னோடது நடுவுல நிக்குது இல்ல. கட்டி இழுக்கிற வேலை எனக்குப் பழக்கம்தான்."

காலை அகட்டி அகட்டி வைத்துக்கொண்டு கூட்டத்தோடு போனார். எனக்குச் சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் வந்தது. தார் ரோடு சூடேறினால் அந்தக் கால் தாங்காதே என்று வேறு கவலை.

உச்சிகாலப் பூஜைக்கு முன்னால் கோவில் வாசலுக்கு வந்து சேர்ந்தார். நான் அர்ச்சனைத் தட்டோடு அங்கே காத்திருந்தேன். உள்ளங்கால் இரண்டும் கொப்புளம். தட்டை அவர் கையில் கொடுத்தேன்.

குருக்களுக்கு இப்போது தாடி வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், அதே பொண்ணுக்குத்தானேம்மா என்றார். எங்கள் வீட்டுக்காரர் ராணியின் பெயரைச் சொல்லி, உத்திரட்டாதி, மீன ராசி என்றார். தடுமாறவே இல்லை. சொல்லிவிட்டு, இன்னொரு பெயரும் இருக்கிறது சாமி என்று இளையவளின் பெயரைச் சொன்னார்.

குருக்கள் என் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு பொண்ணா? சொல்லவே இல்லையேம்மா?"

"எனக்கே இப்பத்தான் சாமி தெரியும்."

அவர் எங்கள் வீட்டுக்காரரை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். குனியட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

"நட்சத்திரம்?"

இவருக்குத் தெரியவில்லை. அவளுடைய பித்தளைப் பலகை தினமும் கண்ணெதிரே இருந்திருக்கும். படித்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தெரியலைன்னா பரவாயில்லை, சுவாமி பேருக்கே பண்ணிடலாம்," என்றார் குருக்கள், கொஞ்சம் இரக்கத்தோடு.

"கேட்டை," என்றேன். "விருச்சிக ராசி."

"அது உன்னோடது இல்லையோம்மா?"

"ஆமா சாமி. அதையே சொல்லுங்க."

சொன்னார். முதலில் ராணி, அப்புறம் இளையவள். கற்பூரம் காட்டினார். எங்கள் வீட்டுக்காரர் கொப்புளக் காலை மாற்றி மாற்றி வைத்து ஆடிக்கொண்டே கும்பிட்டார்.

இரண்டு பெண்களுக்கும் என்று குருக்கள் இரண்டு விபூதிப் பொட்டலம் தனித்தனியாகக் கொடுத்தார். ஒன்றைப் பிரித்து அவர் நெற்றியில் பூசினேன். இன்னொன்றை உடைந்துபோனவளுக்கு எங்கே கொண்டுபோய்ப் பூசுவது என்று தெரியவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். புடவை மாற்றும்போதெல்லாம் அவிழ்த்து எடுத்து, மாற்றின புடவையில் முடிந்துகொள்கிறேன்.